திரையைப் படிக்கும் நிரல்

பெருங்கணினிகளோடு உரையாடும் பொருட்டு ஐ.பி.எம். கம்பெனியார் 1971-ஆம் ஆண்டில் வெளியிட்ட 3270 வரிசை முனையங்கள் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆயினும், அவற்றின் முறைகளை வழுவாமல் பின்பற்றி, மேசைக் கணினியின் ஒரு சாளரத்துக்குள் அவற்றைப் போலவே இயங்கிக் காட்டும் ‘டெர்மினல் எமுலேட்டர்’ என்னும் மென்பொருளின் வாயிலாக, வங்கிகளிலும் காப்பீட்டு ஸ்தாபனங்களிலும் அந்தப் பழைய சம்பாஷணை இன்னும் நடந்து வருகிறது.

ஒரே விதமான படிவங்களை நாள்தோறும் நிரப்பும் சிரமத்தைத் தவிர்க்கும் நிமித்தம் எழுந்ததே மேக்ரோ. விசைகளை அழுத்தும் கிரமத்தை ஒருமுறை பதிந்து வைத்தால், எமுலேட்டரே அவற்றை மறுபடியும் அழுத்திவிடும். ஆனால், நிரப்ப வேண்டிய விவரங்கள் வேறொரு கோப்பிலோ தரவுத்தளத்திலோ இருக்குமாயின், வெளியிலுள்ள ஒரு நிரலே எமுலேட்டரை நடத்த வேண்டியதாகிறது. இக்காரியத்துக்காக ஐ.பி.எம். வகுத்த ‘எச்.எல்.எல்.ஏ.பி.ஐ.’ என்னும் இடைமுகம் மிக எளிமையானது. நிரல் அழைப்பது எப்போதும் ஒரே செயற்கூறுதான். அதனிடம் கொடுக்கும் எண்ணே வேலையைத் தீர்மானிக்கிறது. 1 என்றால் திரையோடு இணைதல். 3 என்றால் விசையை அனுப்புதல். 4 என்றால் காத்திருத்தல். 5 என்றால் திரையைப் பிரதியெடுத்தல். 6 என்றால் அதில் ஒரு சொல்லைத் தேடுதல். வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகள் கொண்ட திரை, 1 முதல் 1920 வரை எண்ணிட்ட ஒரே நீண்ட வரிசையாகக் கருதப்படுவதால், மூன்றாம் வரியின் பத்தாம் எழுத்து 170-ஆம் ஸ்தானமாகும்.

இவற்றுள் காத்திருத்தலே கடினமானது. இம்முனையத்தில் தட்டிய எழுத்துகள், என்டர் விசையை அழுத்தும் வரையில் முனையத்திலேயே தங்கியிருந்து, பின்பு ஒருசேரப் பெருங்கணினிக்குச் செல்கின்றன. அது மறுமொழி தரும் வரையில் விசைப்பலகை பூட்டப்பட்டிருக்கும். மனிதர் திரையின் அடியில் தோன்றும் கடிகாரச் சின்னத்தைக் கண்டு கையை நிறுத்திக்கொள்வார். அனுபவமற்றோர் எழுதும் நிரலோ, இரண்டு விநாடி கழித்து அடுத்த விசையை அனுப்பு என்று அனுமானத்தை நம்பியிருக்கும். மறுமொழி தாமதிக்கும் நாளில் அவ்விசைகள் ஏற்கப்படாமலே போய்விடும். பூட்டுத் திறக்கும் வரையில் பொறுத்திருக்க 4-ஆம் எண் உதவும். ஆனால், பெருங்கணினி பூட்டைத் திறந்துவிட்டுத் திரையின் எஞ்சிய பகுதியைப் பின்னர் எழுதுவதும் உண்டாகையால், பூட்டுத் திறந்தது திரை நிறைந்ததற்குப் பிரமாணமாகாது. எதிர்பார்க்கும் திரையின் தலைப்பு அதற்குரிய ஸ்தானத்தில் வந்துவிட்டதா என்று தேடிப் பார்த்து, குறித்த அவகாசத்துக்குள் வராவிட்டால் மேலே செல்லாமல் நின்றுவிடுவதே உத்தமம். இல்லையேல், ஒருவருடைய தொகை மற்றொருவருடைய கணக்கில் பதிந்துவிடக்கூடும். 1990-இல் வெளியான ‘எக்ஸ்பெக்ட்’ என்னும் மென்பொருளும், வேறு வகை முனைய நிரல்களை நடத்துவதற்கு, அனுப்புதலையும் எதிர்பார்த்தலையும் இரு கட்டளைகளாக அமைத்து இதே தத்துவத்தைக் கைக்கொண்டது.

பதிவுசெய்த மேக்ரோவில் விரல்கள் செய்தவை மட்டுமே இருக்கின்றன. ஒவ்வொரு விசைக்கும் முன்னர்க் கண் திரையில் எதைக் கண்டு திருப்தியடைந்தது என்பது அதில் இல்லை. ஆதலால், இத்தகைய நிரலை ஆக்க விரும்புவோர், தாம் அழுத்தும் விசைகளைக் குறிக்கும் முன்னரே, தாம் பார்க்கும் அடையாளங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வது அவசியம்.