டிராயருக்குள் பதினெட்டு கையெழுத்து!

தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள்தான் ஆபீஸைத் திறந்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஜங்ஷன் பக்கம் என்ன பண்ணியது என்று திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கினால் போய் வேடிக்கை பார்க்கிற ஊர் நாம். அந்த வருஷம் ஆறு நம்மை வேடிக்கை பார்க்க வந்துவிட்டது!

எங்களுடையது தரைத்தளத்தில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ். பீரோ கவிழ்ந்து கிடந்தது. மூன்று கம்ப்யூட்டருக்குள்ளும் வண்டல். ஆடிட்டர் சார் எதையும் கண்டுகொள்ளவில்லை. நேராகப் போய் தன் மேஜை டிராயரை இழுத்தார். சேறு. சேற்றுக்குள் பதினெட்டு டோக்கன்!

ரேஷன் கடை டோக்கன் இல்லை சார். பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும். உள்ளே ஏ.டி.எம். கார்டில் இருப்பது போன்ற ஒரு ஸ்மார்ட் கார்டு சில்லு. முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து அதற்குள்தான் குடியிருக்கிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் அந்தக் கையெழுத்து விழுந்தே ஆக வேண்டும். நவம்பர் மாதக் கணக்குக்குக் கடைசித் தேதி டிசம்பர் 20. அதுவும் தாண்டியாச்சு. நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி.

மத்தியானம் அரிசி ஆலை அண்ணாச்சி வந்து நின்றார். "மில்லுல மூட்டை பூராவும் முளைச்சுக் கெடக்கு தம்பி. இதுல அபராதம் வேறயா? எப்படியாவது முடிச்சு விட்ரு."

ஈரத்தோடு சொருகிப் பார்க்கத்தான் கை பரபரத்தது. கூடாது. நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, துடைத்து, பெருமாள்புரத்தில் மச்சான் வீட்டு மாடியில் இரண்டு நாள் ஃபேன் காற்றில் பரப்பி வைத்தேன். (கருவாடா என்று அக்கா கேட்டாள்.) பரணில் கிடந்த மச்சானின் பழைய கம்ப்யூட்டரையும் இறக்கினேன்.

அடுத்த சிக்கல்... எது யாருடையது? ஒவ்வொரு டோக்கனிலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, பேரும் பின் நம்பரும் எழுதி வைத்திருந்தோம். ஆறு அழகாக அழித்துவிட்டது. நல்ல வேளை, சர்டிஃபிகேட்டில் இருக்கிற பேரைப் பார்க்க பின் நம்பர் வேண்டாம். வீட்டு வாசலில் இருக்கிற பெயர்ப்பலகை மாதிரி, யாரும் படிக்கலாம். வரிசையாகச் சொருகினேன். நாலு டோக்கன் லைட்டே எரியவில்லை. ஒன்பதாவதாக வந்தார் அண்ணாச்சி!

லைட் எரிந்தது. டோக்கனுக்கான டிரைவரையும் ஏற்றினேன். ஆனாலும் 'டோக்கன் இல்லை' என்றது கம்ப்யூட்டர். விண்டோஸுக்குள் 'ஸ்மார்ட் கார்டு' என்றே ஒரு சர்வீஸ் உண்டு. அது படுத்துவிட்டால் கண் முன்னால் மின்னுகிற டோக்கன்கூட அதற்குத் தெரியாது. ஸ்டார்ட் கொடுத்தேன். அண்ணாச்சி பேர் திரையில் வந்தது. கூடவே முன்னால் சொருகிய அத்தனை பேருடைய பேரும்! விண்டோஸ் சர்டிஃபிகேட்டைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். பட்டியலில் பேர் இருக்கிறது என்பதால் டோக்கன் உள்ளே இருக்கிறது என்று அர்த்தமில்லை. வேறு பேரை அழுத்திவிட்டு 'ஸ்மார்ட் கார்டைச் சொருகு' என்று கேட்கிறதே என முழிப்பவர்கள் ஏராளம்.

சரி, சைட்டைத் திறந்தால் திறக்கவில்லை. சர்டிஃபிகேட்டும் செல்லாது என்றது. அரை மணி நேரம் டிரைவரை அழித்து அழித்து ஏற்றினேன். தற்செயலாக மூலையில் தேதியைப் பார்த்தால்... 2009! மதர்போர்டில் இருக்கிற பட்டன் பேட்டரி செத்திருக்கிறது. 2009-ல் வாழ்கிற கம்ப்யூட்டருக்கு 2022-ல் கொடுத்த சர்டிஃபிகேட் இன்னும் பிறக்கவே இல்லை! தேதியைத் திருத்தினேன்.

அப்புறம் எம்சைனர். பிரவுசருக்கும் டோக்கனுக்கும் நடுவில் பேசுகிற தரகர். அதை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட விட்டு, பிரவுசரில் 127.0.0.1:1585 என்று அடித்து ஒரு தடவை அனுமதி கொடுத்தேன். அது வெளியூர் விலாசமில்லை, நம் கம்ப்யூட்டரின் சொந்த வீட்டு விலாசமேதான்.

கடைசியாகக் கேட்டது... பின் நம்பர்!

"எனக்கு எப்படிடே தெரியும்? நீங்கதான ஒட்டி வச்சிருந்திய?" என்றார் அண்ணாச்சி. ஆபீஸ் வழக்கமாக வைக்கிற நம்பரைப் போட்டேன். தப்பு. இன்னொன்று போட்டேன். தப்பு. "போட்டுப் பாரு தம்பி, ஒண்ணாவது விழாமலா போவும்?"

கையை எடுத்துவிட்டேன். மற்ற எல்லாக் கோளாறையும் நூறு தடவை தடவலாம். இதை மட்டும் கூடாது. குறிப்பிட்ட தடவை தப்பானால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். எத்தனை தடவை என்பது டோக்கனுக்கு டோக்கன் மாறும். கையெழுத்துப் போடுகிற ரகசியச் சாவி சில்லுக்குள்ளேயே பிறந்தது, வெளியே வராது, நகலும் கிடையாது. டோக்கனை அழித்து, புது சர்டிஃபிகேட் வாங்கி, வீடியோவில் முகம் காட்டி, ஜி.எஸ்.டி. சைட்டிலும் மறுபடி பதிய வேண்டியதுதான். (லைட் எரியாத அந்த நாலு பேருக்கும் இதே கதிதான்.)

மெட்ராஸில் இருக்கிற மகளுக்கு போன் போட்டார். டோக்கன் வந்த அன்று கூட இருந்தவள் அவள். "அப்பா, நம்ம பழைய லாரி நம்பர்!" விழுந்தது கையெழுத்து!

ஜனவரி 5-ம் தேதி அறிவிப்பு வந்தது. நெல்லை, தென்காசி, கன்னியாகுமரி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களுக்கு நவம்பர் ரிட்டர்ன் கெடு 2024 ஜனவரி 10 வரை நீட்டிப்பு. "இதை மொதல்லயே சொன்னா என்னவாம்!" என்றார் அண்ணாச்சி.

நான் வேறொன்று சொன்னேன். "டோக்கனையும் நம்பரையும் சேர்த்து எங்ககிட்ட வைக்கிறது, வெத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி அண்ணாச்சி. 2000-ம் வருஷத்து தகவல் தொழில்நுட்பச் சட்டம், 42-வது பிரிவு... சாவியைக் கவனமா வச்சுக்கிடுறது உங்க பொறுப்பு."

அவருக்கு உறைத்துவிட்டது. என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, தானே புது நம்பர் போட்டுக்கொண்டார். டோக்கனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கம்பீரமாகப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு போன்.

"தம்பி... நேத்து நான் என்ன நம்பர் வச்சேன்னு, நீ ஓரக்கண்ணால கிண்ணால பாத்தியாடே?"