மாடு மேயும் ஓவியமும் கேமரன் மலையும்

ஆற்றோரப் புல்வெளி, முழங்கால் தண்ணீரில் அசைபோடும் மாடுகள், பின்னால் மாலை வெயில். விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் தம் வீட்டுக் கூடத்தில் மாட்டிவைக்க ஆசைப்பட்ட படம் இது. இதை வரைந்தே பேரெடுத்தவர் தாமஸ் சிட்னி கூப்பர். 1803இல் கேன்டர்பரியில் பிறந்தவர். 1833 முதல் 1902இல் கண்மூடும்வரை லண்டன் ராயல் அகாடமி கண்காட்சிக்கு ஆண்டு தவறாமல் படம் தந்தவர். ‘மாட்டுக் கூப்பர்’ என்றே பட்டப்பெயர். அவர் ஊரில் 1830இலேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் ஸ்டௌர் ஆற்றங்கரையில் அவர் தீட்டிய மாடுகளைப் பார்த்தால், அந்தப் பக்கம் நீராவி எஞ்சின் ஓடியதாகவே தோன்றாது. ஆலைப்புகை பெருகப் பெருக, புகையில்லாத படத்துக்கு மவுசு ஏறியது.

கூப்பர் எண்பதைத் தாண்டியும் வரைந்துகொண்டிருந்த 1885இல்தான் வில்லியம் கேமரன் நில அளவைக்காகப் மலாயாவில், இன்று கேமரன் மலை என்று அவர் பெயரால் அழைக்கப்படும் பகாங் மலைக்காட்டுக்குள் போனார். 1925இல் ஆங்கிலேய அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகு, அதை மலைவாசத்தலமாக்கும் வேலை தொடங்கியது. கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாகப் பங்களாக்கள், ரோஜாச் செடிகள், கோல்ஃப் திடல் என்று துரைமார் தங்கள் ஊரையே இங்கே நட்டுவைத்தார்கள். கூப்பரின் மாடுகளுக்கு வேண்டிய ஆற்றுச் சமவெளி மட்டும் கிடைக்கவில்லை. செங்குத்துச் சரிவில் நின்றது தேயிலைதான். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலையில் பழகிய மில்னோடு சேர்ந்து ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார்.

அந்தப் பச்சையைத் தீட்டியது தமிழர் கை. விடியலில் பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு வந்து, முதுகில் கூடையோடு சரிவில் ஏறி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கிள்ளுவார்கள். முற்றின இலை கலந்தால் கங்காணியிடம் பேச்சு வாங்க வேண்டும். தராசில் எடை குறைந்தால் கூலியில் தெரியும். செடியை இடுப்புக்கு மேல் வளரவிடாமல் வெட்டி வெட்டித்தான் அந்த மெத்தென்ற மட்டம் வந்தது. மலாயாத் தோட்டங்களில் மாடு வளர்த்தவர்களும் இவர்கள்தான். லயத்துக்குப் பின்னால் கொட்டகை, விடிகாலையில் பால் விற்பனை, தையில் மாட்டுப் பொங்கல். எந்தத் துரையும் அந்த மாட்டை வரைந்து கூடத்தில் மாட்டவில்லை.

இன்று கை மாறிவிட்டது. பிள்ளைகள் படித்துக் கீழே இறங்கினார்கள். தமிழ்ப்பள்ளிகள் தோட்டங்களில் இன்னும் நடக்கின்றன. ஆனால் சரிவில் நிற்பவர்களில் பலர் வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். கிள்ளும் வேலையைக் கத்தரியும் இயந்திரமும் எடுத்துக்கொண்டன. செடிவரிசைக்கு இருபுறமும் இரண்டு பேர் இயந்திரத்தைப் பிடித்து நடக்க, வெட்டுப்பட்ட இலை காற்றில் அடித்துப் பின்னால் இழுபடும் நீளப் பையில் போய் விழுகிறது. கூடை, விற்பனைக் கூடத்தில் அலங்காரமாகத் தொங்குகிறது.

ஆறும் மாறிவிட்டது. பெர்தாம் ஆற்றை மறித்து ரிங்லெட்டில் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணை 1963இல் முடிந்தது. மேலே காய்கறித் தோட்டங்களுக்காகக் காடு வெட்டப்பட, சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை வந்தது. மழைநீர் மண்ணில் இறங்காமல் கூரையில் வழிந்து, வெட்டிய நிலத்தின் மண்ணையும் அரித்துக்கொண்டு அணையின் ஏரிக்கு வருகிறது. வண்டல் ஏறினால் நீர் நிற்க இடம் குறையும். அடைமழையில் மதகைத் திறந்தே ஆக வேண்டும். 2013 அக்டோபர் 23 நள்ளிரவில் அப்படித் திறந்த தண்ணீர் பெர்தாம் பள்ளத்தாக்கு வீடுகளுக்குள் சேறாகப் புகுந்து உயிர்ப்பலி வாங்கியது.

‘போ’வின் சுங்கை பாலாஸ் தோட்டத்தில், சரிவுக்கு வெளியே நீட்டிக் கட்டிய மேடையில் தேநீரோடு நிற்பவர்கள் படம் எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் கூரையும் வண்டலும் விழாத கோணமாகப் பார்த்து எடுக்கிறார்கள். ரயிலை விட்டுவிட்டு மாட்டை வரைந்த கூப்பரைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. அவர் படத்தில் விட்டது கண்காட்சியோடு போயிற்று. நாம் படத்தில் விட்டதோ ஒவ்வொரு மழைக்கும் அணையில் வந்து சேர்கிறது. அந்தக் கணக்கைத் தீர்ப்பவர்கள் மேடையில் நிற்பவர்கள் அல்ல, பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்கள்.