தேயிலைக்கு ஏற்ற மண், சட்டிக்கு ஆகாத மண்

ஹற்றன் பக்கம் ஏதாவது ஒரு தேயிலை மலையில் புதிதாக வடிகால் கான் வெட்டியிருந்தால், அதன் சுவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மேலே ஒரு சாண் கறுப்பு மண். அதற்குக் கீழே மஞ்சளும் சிவப்புமாக ஓர் அடுக்கு. இன்னும் கீழே, பாறையின் வரிகள் அப்படியே தெரியும், ஆனால் விரலால் கிள்ளினால் உதிர்ந்துவிடும் மக்கல் கல். கான் வெட்டுகிறவர்களுக்கு இது தினமும் பார்க்கிற காட்சி.

நடு அடுக்கிலிருந்து ஒரு பிடி எடுத்து, நீர் தெளித்துப் பிசைந்து, பென்சில் பருமனில் உருட்டி வளைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வெடித்துவிடும். பள்ளத்து வயலின் அடிக்களியை அதேபோல் உருட்டினால் மோதிரமாகவே வளையும். மண் ஆய்வாளரும் குயவரும் கைக்கொள்வது இதே சோதனையைத்தான். ஒருவர் அதை ஏட்டில் எழுதுகிறார், மற்றவர் சக்கரத்தில் வைக்கிறார்.

மலையகத் தோட்டங்களில் டோபி இருந்தார், முடிவெட்டுகிறவர் இருந்தார். மண்பாண்டத் தொழில் மட்டும் அங்கே நிலைகொள்ளவில்லை. பேர்ப்பதிந்து கொழுந்துக்கும் கவ்வாத்துக்கும் ஆள் எடுத்த நிர்வாகத்துக்குக் குயவர் தேவைப்படவில்லை என்பது ஒரு காரணம். காலடியில் கிடந்த மண் இன்னொரு காரணம். இந்த இரண்டாவதைப் பற்றி அதிகம் பேசப்பட்டதில்லை.

மத்திய மலைநாட்டின் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அவற்றில் நிறைந்திருக்கும் கனிமம் பெல்ட்ஸ்பார். மழைநீர் காற்றிலுள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகப் பாறைக்குள் இறங்கும்போது, பெல்ட்ஸ்பாரிலுள்ள பொட்டாசியத்தையும் சிலிக்காவில் ஒரு பங்கையும் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது கயோலினைட் என்ற களிக்கனிமம். உலகத்துக் குயவர்களில் பலர் நம்பியிருப்பது இதைத்தான்.

அப்படியானால் மலையகம் களிமண் சுரங்கமாக அல்லவா இருக்க வேண்டும்? சிக்கல் மழையின் அளவில் இருக்கிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை சுமார் 5,000 மில்லிமீட்டர். இவ்வளவு நீர் சரிவில் இறங்கி நிற்காமல் ஓடினால், கழுவுதல் கயோலினைட்டோடு நிற்பதில்லை. மீதிச் சிலிக்காவும் போய், கிப்சைட் என்ற அலுமினிய ஹைட்ராக்சைடு மிஞ்சுகிறது. பொக்சைட்டில் இருப்பதும் இதுதான். அதற்குப் பிசைவுத்தன்மை கிடையாது. போதாததற்கு இரும்பு ஒக்சைட்டுகள் இருக்கிற களித்துகள்களையும் ஒட்டிச் சிறு சிறு மணிகளாக்கிவிடுகின்றன. ஆய்வுகூடத்தில் அளந்தால் களி தாராளமாக இருக்கும், கையில் அள்ளினால் மணல்போல் உதிரும்.

தேயிலைக்கு இதுதான் வேண்டும். நீர் தேங்கினால் அதன் வேர் அழுகும், அமில மண்ணில்தான் அது செழிக்கும். அமிலத்தில் கரைந்துவரும் அலுமினியம் பல பயிர்களின் வேரைக் கருக்கிவிடும். தேயிலையோ அதை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. நீரை விட்டுவிடும் மண் தேயிலைக்காரருக்கு, நீரைப் பிடித்துவைக்கும் மண் குயவருக்கு. பங்கு பிரித்தாற்போலத்தான் இருக்கிறது.

மலையிலிருந்து கழன்ற மண் எங்கேதான் போகிறது? ஹற்றன் பக்கத்து நீர் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா வழியாகக் களனி கங்கைக்குப் போகும். நுவரெலியாவின் பெரும்பகுதி நீர் மகாவலிக்குப் போகும். வழியெல்லாம் ஆறு மண்ணைச் சலிக்கிறது. கல் முதலில் நிற்கும், பிறகு மணல். மில்லிமீட்டரில் 500இல் ஒரு பங்குக்கும் குறைவான களித்துகள் வேகமடங்கிய நீரில்தான் படியும். வயலின் காற்றில்லாச் சேற்றில் இரும்பும் கொஞ்சம் கரைந்து வெளியேற, மக்கிய வைக்கோலும் வேரும் கலக்க, சாம்பல் நிறத்தில் வழவழப்பான களி உருவாகிறது. அந்தத் துகள்கள் தட்டையான தகடுகள். இடையில் நீர்ப்படலம் இருக்கும்வரை, நனைந்த இரு கண்ணாடித் துண்டுகளைப்போல ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், ஆனால் எளிதில் பிரியாது. சக்கரத்தில் பானை எழும்புவது இந்தக் குணத்தால்.

ஆற்றின் இந்த வேலையைத் தோட்டங்கள் அளவுக்கு மேல் துரிதப்படுத்தின என்பதையும் சொல்லவேண்டும். காப்பிக்காகக் காடு வெட்டிய நாளிலிருந்தே மலையின் மேல்மண் இறங்கிக்கொண்டிருக்கிறது. மகாவலியின் குறுக்கே 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்ல அணையின் கொள்ளளவில் 40 சதவீதத்துக்கு மேல் சுமார் 12 ஆண்டுகளில் வண்டலால் தூர்ந்துபோனது. குயவருக்குக் களி தருவதும் மின் பொறியியலாளருக்குத் தலைவலி தருவதும் ஒரே வண்டல்தான்.

எனவே மண்பாண்டக் கிராமங்களை மலை இறங்கித்தான் தேடவேண்டும். கண்டி–கொழும்பு வீதியில் கேகாலைக்கு அருகே உள்ள மொலகொட அவற்றில் பேர்பெற்றது. கண்டி இராச்சியக் காலத்தில் இத்தகைய கைவினைஞர்கள் அரசனுக்கும் கோயிலுக்கும் செய்த பணிக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தார்கள். அந்த ஏற்பாட்டை விரிவாகப் பதிவு செய்தவர் ஒரு தமிழர். கூடவே அவர் ஒரு புவியியலாளர் என்பதுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வின் முதல் இயக்குநராக இருந்து, தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமத்தை அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர். கல் தேடி மலைநாட்டைச் சுற்றியவரின் கண் மெல்லக் கைவினைகளின் பக்கம் திரும்பியது. 1908இல் வெளிவந்த அவருடைய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’யில் மட்பாண்டத்துக்கும் இடம் உண்டு. கலை வரலாற்றாசிரியராகவே அவரை நினைக்கிறோம், பாறை படித்த கண் அது என்பதை மறந்துவிடுகிறோம்.

சிங்களக் குயவருக்கும் தமிழ்க் குயவருக்கும் பொதுவான ஒரு நுட்பம் இருக்கிறது. சக்கரத்தில் எழுப்புவது தடித்த கழுத்தும் உடலும் மட்டுமே. அரைகுறையாக உலர்ந்ததும் உள்ளே ஒரு கல்லைப் பிடித்து, வெளியே மரத்தட்டையால் தட்டித் தட்டித்தான் உருண்டை அடி உருவாகிறது. தட்டும்போது தகடுகள் சுவரோடு படிந்து நெருங்குகின்றன, சுவர் மெலிந்து உறுதியாகிறது. உருண்டை அடியில் மூலை இல்லாததால் அடுப்பின் வெப்பம் ஓரிடத்தில் குவிந்து விரிசல் விடாது.

தோட்ட மக்களின் முன்னோர் பலர் புறப்பட்டுவந்த புதுக்கோட்டைச் சீமையில் இந்தக் கலை இன்னொரு திசையில் வளர்ந்தது. நமணசமுத்திரத்தில் ஐயனார் கோயிலுக்குப் போகும் வழியின் இருமருங்கும் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. வேளார்கள் எனப்படும் குயவர்கள் அவற்றைக் கூடாகவே வனைகிறார்கள். களியில் மணலும் உமியும் கலக்கிறார்கள். தடித்த சுவரில் சிக்கிய ஈரம் 100 பாகை செல்சியஸ் தாண்டியதும் ஆவியாகி வெடிக்கப் பார்க்கும். மணலும் உமியும் அதற்கு வழிவிடும். 450 முதல் 600 பாகைக்குள் கயோலினைட் தன் உடலுக்குள் பூட்டியிருக்கும் நீரையும் இழக்கிறது. அதன்பின் எவ்வளவு ஊறவைத்தாலும் அது மீண்டும் களியாகாது. 573 பாகையில் மணலிலுள்ள குவார்ட்ஸ் சட்டென விரியும். எந்தக் கருவியும் இல்லாமல், வைக்கோல் மூட்டத்தின் புகை நிறத்தைப் பார்த்தே இந்தக் கட்டங்களை வேளார்கள் கடக்கிறார்கள். தோட்டத்துக் காவல்தெய்வமான முனியாண்டிக்கு அந்தக் குதிரைகள் கிடைக்கவில்லை. மரத்தடிக் கல்லும் சூலமும் போதுமென்று ஆயிற்று.

ஆனால் ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் வேறொரு மண்பாண்டம் அன்றாடம் புழங்குகிறது. டீமேக்கர் சுவை பார்க்கும் வெள்ளைக் கோப்பை. 1980இல் வந்த ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேசத் தரம், வெள்ளைப் போர்சலின் அல்லது மெருகிட்ட பாத்திரம் வேண்டும், 100 மில்லிலீட்டருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிட ஊறல் என்று வகுத்திருக்கிறது. மெருகிடாத சட்டியில் ஊற்றினால் துளைகள் சாயத்தைக் குடிக்கும். சாயத்தின் நிறமும் விலையைத் தீர்மானிக்கிற தொழிலில் அது ஆகாது.

போர்சலினுக்கு வெண்களி, குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் மூன்றும் வேண்டும். இலங்கையின் வெண்களி பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் கிடைக்கிறது. பெல்ட்ஸ்பார் மாத்தளை மாவட்டத்து ஓவலையில் கிடைக்கிறது. நொரிடேக்கின் போர்சலின் தொழிற்சாலை மாத்தளையில் இருப்பது பொருத்தம்தான். உலையில் 1,300 பாகையை எட்டும்போது பெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடும். சரிவில் மழை கரைத்துக் களியாக்கும் அதே கனிமத்தை இங்கே நெருப்பு கண்ணாடியாக்குகிறது. துளையில்லாத இந்தக் கோப்பையை விறகடுப்பில் வைத்தால் உடைந்துபோகும். துளையும் மணலும் நிறைந்த மலிவுச் சட்டியில் விரிசல் ஒவ்வொரு மணலிலும் முட்டி நின்றுவிடுவதால் அது தாங்கும். விலையை வைத்து இரண்டையும் தரம்பிரிப்பது எனக்கு ஒப்பாது.

மலை மண்ணில் சட்டியே செய்யமுடியாதா என்றால், முடியும். ஆற்றின் வேலையை நாம் செய்யவேண்டும். கான் மண்ணை ஒரு வாளி நீரில் நன்றாகக் கரைத்துக் கலக்கி விடுங்கள். களித்துகளுக்கான எல்லையளவில் உள்ள ஒரு துகள் 20 பாகை நீரில் 10 சென்ரிமீட்டர் இறங்கச் சுமார் 8 மணி நேரம் எடுக்கும். நுவரெலியாக் குளிரில் நீர் சற்றுக் கெட்டியாவதால் ஒரு மணி நேரம் கூடுதலாகும். இரவு கலக்கிவைத்து, விடிந்ததும் மேலிருக்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் வடித்து, சில நாள் தெளியவிட்டுத் துணியில் உலர்த்தினால் அடியில் நைசான களி மிஞ்சும். அது தனியாக நிற்காமல் வெடிக்கலாம். அப்போது பள்ளத்து வயற்களியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பென்சில்போல் உருட்டி வளைத்துப் பாருங்கள். எந்த அளவில் முறியாமல் வளைகிறதோ அதுதான் உங்கள் தோட்டத்துக் கலவை.