ஓர் அணா கற்பித்த பாடம்

ஒரு பள்ளியின் வரலாறு என்றால் அது தோன்றிய ஆண்டு, அதன் கட்டடம், அங்கு பயின்று உயர்ந்தோர் ஆகியவற்றைப் பேசுவதே நம் வழக்கம். சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியின் வரலாற்றிலோ வரவு - செலவு குறித்த ஒரு பாடமும் இருக்கிறது.

1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி மன்றம், அப்பள்ளி மாணவர்களுக்கு உணவு வழங்கத் தீர்மானித்தது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆகும் செலவு ஓர் அணாவுக்கு, அதாவது ரூபாயில் பதினாறில் ஒரு பங்குக்கு, மிகக் கூடாது என்பது நிபந்தனை. அங்கு பயில்வோர் ஏழைகள் என்பதால் மாணவர் எண்ணிக்கை பெரிதும் பாதிக்கப்படுகிறது என்பதே தியாகராயர் கூறிய காரணம்.

பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிவடைந்தது. இந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23-இல் 811-ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை, 1924-25-இல் 1,785-ஆக உயர்ந்தது.

இதன் பொருளாதாரம் எளிது. கட்டணமில்லாக் கல்வியும் ஏழைக்கு இலவசமன்று. பள்ளிக்குச் செல்லும் சிறுவனின் சிறு கூலியைக் குடும்பம் இழக்கிறது. அவன் பசியையும் தாங்க வேண்டியிருக்கிறது. அந்த இழப்பில் ஒரு பகுதியை ஓர் அணா ஈடு செய்தது.

ஆயினும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட ஆங்கிலேய அரசு அனுமதி மறுத்ததால், 1925-இல் திட்டம் நின்றுபோனது. உணவு கல்விச் செலவாகாது என்றது கணக்கேடு. 1956-இல் காமராஜர் ஆட்சியின் மதிய உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியின் சத்துணவுத் திட்டமும், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அக்கூற்றைப் பொய்யாக்கின.

மாணவர் எண்ணிக்கை குறைந்த தொடக்கப் பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளுடன் இணைக்கலாம் என்ற யோசனை இன்றும் அவ்வப்போது எழுகிறது. இணைப்பால் அரசுக்கு மிச்சமாகும் தொகை, பெற்றோருக்குப் பயணச் செலவாகவும் இழந்த வேலை நேரமாகவும் மாறக்கூடும். அந்தச் செலவு எந்த அரசுக் கணக்கிலும் பதிவாகாது. ஆறு வயதுக் குழந்தை தனியே கடக்க முடியாத நெடுஞ்சாலை ஒன்று, அதன் படிப்பையே நிறுத்திவிடலாம்.

பிறப்பு விகிதச் சரிவு, ஆங்கிலவழிக் கல்வி மீதான நாட்டம், ஆசிரியர் பற்றாக்குறை எனக் காரணங்கள் இன்று பல. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று 1920-இல் மன்றம் ஆராய்ந்தது, அதற்கேற்பச் செலவிட்டது. ஒரு பள்ளியை இணைக்கும் ஆணையில் கையெழுத்திடும் முன், அந்த ஆய்வைப் பள்ளிவாரியாக மேற்கொண்டு, முடிவைப் பெற்றோர் முன் வைப்பதே முறை.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).