ஐந்நூற்றுவர் பட்டியலும் உளுந்தூர்பேட்டைக் காலணியும்

ஐந்நூற்றுவர் என்றதும் வரலாறு படித்தோர்க்குச் சோழர் காலத்து வணிகக் குழு நினைவுக்கு வரும். 1088-ஆம் ஆண்டிலேயே சுமத்திரா தீவில் தமிழ்க் கல்வெட்டுப் பொறித்தவர்கள் அவர்கள். இன்றைய ஐந்நூற்றுவர் வேறு. அமெரிக்காவின் ‘பார்ச்சூன்’ என்னும் வணிக இதழ், அந்நாட்டின் மிகப்பெரிய ஐந்நூறு நிறுவனங்களை 1955 முதல் ஆண்டுதோறும் வரிசைப்படுத்தி வருகிறது. அமெரிக்கர் பட்டியலால் நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். சற்றே பொறுத்தருள்க.

முதற்பட்டியலில் ஆலை, சுரங்கம் முதலிய தொழில்களே இடம்பெற்றன. ஏறத்தாழ 980 கோடி டாலர் வருவாயுடன் ஜெனரல் மோட்டார்ஸ் முதலிடம் பெற்றது. 1995-இல்தான் வங்கி, சில்லறை வணிகம் போன்றவற்றையும் சேர்த்தனர். 2013 முதல் 2025 வரை ஒவ்வோராண்டும் வால்மார்ட் என்னும் கடைத்தொடரே முதலிடத்தில் நின்றது. 2025 பட்டியலில் அதன் வருவாய் 68,100 கோடி டாலர்.

இங்கொரு நுட்பம் உண்டு. இது வருவாயின் வரிசையேயன்றி இலாபத்தின் வரிசையன்று. அதே பட்டியலில் ஆப்பிள் நிறுவனத்தின் வருவாய் 39,100 கோடி டாலர்தான். இலாபமோ ஏறத்தாழ 9,400 கோடி. வால்மார்ட்டின் இலாபம் 1,900 கோடி டாலரைச் சற்றே தாண்டியது. உழைப்போர் எவ்வளவு கூலிக்கு உழைக்கின்றனர் என்பதைக் காட்டும் பத்தியோ அவ்வரிசையில் இல்லை.

அப்பட்டியலில் இடம்பெறும் நைக்கி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 2024 மே மாதத்தில் முடிந்த ஆண்டில் அதன் வருவாய் ஏறத்தாழ 5,100 கோடி டாலர். ஆயினும் தன் காலணிகளை அது தானே தைப்பதில்லை. ஆசிய நாடுகளின் ஒப்பந்தத் தொழிற்சாலைகளே தைக்கின்றன. அவற்றுள் பெரியது 1969-இல் தொடங்கப்பெற்ற தைவான் நாட்டின் பௌ சென் குழுமம். 2023 ஏப்ரலில் இக்குழுமத்தின் துணை நிறுவனம், நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்பேட்டை சிப்காட் தொழிற்பூங்காவில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் தோலல்லாத காலணி ஆலை அமைக்கத் தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. 20,000 பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது.

மரவள்ளியையும் கரும்பையும் நம்பியிருக்கும் மாவட்டத்திற்கு இது நற்செய்தியே. கல்வராயன் மலையிலிருந்து கூலி வேலைக்கெனத் தொலைதூரம் செல்லும் குடும்பங்களைக் கண்டவர் எவரும் இதனைக் குறைகூறார். எனினும் அம்மலையின் பழைய கதையை மறத்தலாகாது. 1976 வரை அங்கே ஜாகீர்தார்களின் ஆதிக்கம் இருந்தது. அவர்கள் நிலத்தில் ஊதியமின்றி உழைக்கும் கடமையும் மக்கள்மேல் சுமத்தப்பட்டிருந்தது. ஆனால் ஜாகீர்தார் யாரென்று மலைமக்கள் அறிவர். காலணியில் ஒரு பெயர், ஆலை வாயிலில் வேறொரு பெயர், கூலி தருபவர் மூன்றாமவர் என்றால் குறையை யாரிடம் முறையிடுவது?

இவ்வினா புதிதன்று. 1990-களில் இந்தோனேசிய, வியட்நாம் ஆலைகளில் தரப்பட்ட கூலி குறித்து நைக்கி கடுங்கண்டனத்திற்கு உள்ளானது. அதன் பின்னரே, 1998-இல், காலணி ஆலைகளில் பதினெட்டு வயது நிரம்பாதோரைச் சேர்ப்பதில்லை என்று அதன் தலைவர் பில் நைட் அறிவித்தார். 2005-இல் தனக்குத் தைத்துத் தரும் ஆலைகளின் பெயர்ப்பட்டியலையும் அந்நிறுவனம் வெளியிட்டது. ஐந்நூறின் வரிசையைவிட இவ்வரிசையே நமக்குப் பயன்தருவது என்பது என் கருத்து.

எனவே, எந்த ஆலைக்கேனும் மகளை அனுப்பக் கருதும் பெற்றோர் நியமனத் தாளை வாங்கிப் படித்துப் பார்ப்பாராக. முதலாளி என்று அதில் உள்ள பெயர் ஆலையினதா, ஒப்பந்தக்காரருடையதா? வருங்கால வைப்பு நிதிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் பிடித்தம் உண்டா? விடுதியிலிருந்து மகள் விரும்பிய நாளில் வீடு திரும்ப இயலுமா? படிக்கத் தெரியாதவர் படித்த பிள்ளை ஒருவரை உடனழைத்துச் செல்லலாம். தாளைக் காட்டத் தயங்கும் இடைத்தரகரிடம் முன்பணம் வாங்க வேண்டாம்.