மேஸ்திரி கணக்கும் 'எக்ஸ்' கணக்கும்

பள்ளிக்கூடத்தில் 'எக்ஸ்' என்று எழுதச் சொன்னவுடன் பயந்து ஓடியவர்கள் பலர். இந்த எக்ஸ் எதற்கு உதவும் என்று கேட்பவர்கள் சம்பள நாளில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

தாராவியிலிருந்து கட்டட வேலைக்குப் போகும் ஒருவர் 24 நாள் வேலை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். தினக்கூலி 650 ரூபாய் என்பது பேச்சு. சாப்பாட்டுக்கு 1,200 ரூபாய், முன்பணத்துக்கு 3,000 ரூபாய் பிடித்தம். மேஸ்திரி கையில் கொடுத்தது 10,200 ரூபாய். கணக்கு சரியா?

தெரியாத தினக்கூலியை எக்ஸ் என்று வையுங்கள். 24 நாளுக்கு 24 எக்ஸ். அதில் பிடித்தம் 4,200 போக மீதி 10,200.

24 எக்ஸ் − 4,200 = 10,200

பிடித்ததைத் திரும்பச் சேர்த்தால் 24 எக்ஸ் = 14,400. அதை 24-ஆல் வகுத்தால் 600. பேசியது 650, விழுந்தது 600. நாளுக்கு 50 வீதம் மொத்தம் 1,200 ரூபாய் குறைகிறது.

நாளைக் குறைத்துப் போட்டிருப்பாரோ? அதையும் பார்த்துவிடலாம். இப்போது நாள்தான் எக்ஸ். 650 எக்ஸ் = 14,400. 22 நாளுக்கு 14,300 போக 100 ரூபாய் மிஞ்சுகிறது. முழு நாளும் வரவில்லை, அரை நாளும் வரவில்லை. ஆகவே குறை நாளில் இல்லை.

குறைந்த 1,200-ம் சாப்பாட்டுப் பணமும் ஒரே தொகை! கூலியைக் குறைத்தாரா, சாப்பாட்டுக் காசை இரண்டு முறை பிடித்தாரா என்பதை எக்ஸ் சொல்லாது. அதை மேஸ்திரிதான் சொல்ல வேண்டும். ஆனால் சத்தம் போட்டுக் கேட்பதற்கும், தாளில் போட்டுக் காட்டிக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு அல்லவா?

பாஸ்கராச்சாரியார் காட்டிய வழி

எக்ஸ் வெள்ளைக்காரன் கொண்டுவந்த எழுத்து. கணக்கு அப்படியல்ல. தெரியாத எண்ணை 'யாவத் தாவத்' என்று சொல்லி, சுருக்கமாக 'யா' என்று எழுதினார்கள் நம் நாட்டுக் கணித மேதைகள். 'எவ்வளவோ அவ்வளவு' என்று பொருள்.

1150-ல் பாஸ்கராச்சாரியார் இயற்றிய 'லீலாவதி'யில் ஒரு தாமரைப்பூக் கணக்கு வருகிறது. பூக்களில் மூன்றில் ஒரு பங்கு சிவனுக்கு, ஐந்தில் ஒன்று விஷ்ணுவுக்கு, ஆறில் ஒன்று சூரியனுக்கு, நான்கில் ஒன்று தேவிக்கு. மீதி 6 பூ குருவுக்கு. மொத்தம் எத்தனை?

எக்ஸ் இல்லாமலே போடலாம். 60 பூ என்று சும்மா வைத்துக்கொள்ளுங்கள். 20, 12, 10, 15 போக மீதி 3. வரவேண்டியது 6, அதாவது இரு மடங்கு. ஆகவே பூவும் இரு மடங்கு, 120.

மும்பையிலிருந்து பூசாவல் போகும் ரயில் பாதையில் சாலிஸ்காவ் என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே பாட்டண் என்னுமிடத்தில், பாஸ்கராச்சாரியாரின் நூல்களைக் கற்பிப்பதற்காக அவருடைய பேரன் சாங்கதேவர் மடம் நிறுவிய செய்தியை 1207-ம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அதை வெளி உலகுக்குத் தெரிவித்தவர் மும்பை டாக்டர் பாவ் தாஜி. பைகுலாவில் இருக்கிறதே அருங்காட்சியகம், அவர் பெயர் கொண்டதுதான்.

பிள்ளைகள் தவறும் இடம்

ரயில்வே தேர்வு வாரியத்தின் தேர்வுகளைத் தமிழிலும் எழுதலாம். வயதுக் கணக்கு அங்கே வழக்கமான விருந்தாளி. கூட்டல் தெரிந்த பிள்ளைகூட அதில் வழுக்கிவிடும். காரணம், வாக்கியத்தைப் பாதி படித்ததுமே பேனாவை எடுப்பதுதான்.

தந்தையின் வயது மகன் வயதைப்போல் 3 மடங்கு. 12 ஆண்டு கழிந்தால் 2 மடங்கு. மகனுக்கு வயது என்ன?

மகன் எக்ஸ் என்றால் தந்தை 3 எக்ஸ். பலர் 3 எக்ஸ் + 12 = 2 எக்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள். மகனும் 12 வயது வளர்வான் என்பது மறந்துபோகிறது! 3 எக்ஸ் + 12 = 2 எக்ஸ் + 24 என்பதே சரி. எக்ஸ் = 12. மகனுக்கு 12, தந்தைக்கு 36. 12 ஆண்டு கூட்டினால் 24, 48. சரியாக இரு மடங்கு.