பல் வைத்தியமும் நறுமணமும்

பல்வலியால் இரவெல்லாம் துயிலிழந்தவரும், பொழுது விடிந்ததும் வைத்தியசாலைக்குச் செல்ல அஞ்சிக் கன்னத்திற் கைவைத்தபடி நாள் கடத்துதலை நாம் கண்டிருக்கின்றோம். நாள் செல்லச் செல்லச் சிறு சொத்தை பெருகி, அடைத்துக் காத்திருக்கக்கூடிய பல்லைப் பிடுங்கியெறியவே நேருகின்றது. ஆதலின் அச்சத்தைத் தணித்தலும் பல் வைத்தியத்தின் ஒரு பகுதியேயாம்.

சென்னையினின்று பூவிருந்தவல்லி செல்லும் நெடுஞ்சாலையில், வேலப்பன்சாவடியில், 1988-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சவீதா பல் மருத்துவக் கல்லூரி விளங்குகின்றது. இத்தகைய கல்லூரிகளில், பல்லின் நோயையன்றி நோயாளியின் அச்சமும் ஆராய்ச்சிக்குரிய பொருளாகும். அதனை அளத்தற்கு அமெரிக்க அறிஞர் கோரா என்பார் 1969-இல் நான்கு வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார். விடைகளைக் கூட்டுங்கால் 4 முதல் 20 வரை எண் வரும். எண் மிகுந்தால் அச்சமும் மிகுதி என்று கொள்வர்.

இவ்வச்சத்திற்கும் மூக்கிற்கும் என்ன தொடர்பு என வினவலாம். பல் வைத்தியசாலையுட் புகுந்தவுடன் கிராம்பின் மணம் நம்மை எதிர்கொள்ளும். கிராம்புத் தைலத்திலுள்ள யூஜினால் என்னும் பொருளைத் துத்தநாக ஆக்ஸைடுடன் குழைத்துச் சொத்தையை அடைக்கும் வழக்கமே அதற்குக் காரணம். நம் வீட்டுச் சமையலில் இனிக்கும் அம்மணமே, முன்னொரு நாள் அங்கு வேதனையுற்றவருக்குப் பழைய நோவை நினைப்பூட்டுகின்றது. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் இடைநிலையம் ஒன்றைக் கடந்தே செல்ல, மணமோ அச்சத்திற்கும் நினைவிற்கும் உரிய பகுதிகளை ஏறக்குறைய நேராகவே அடைகின்றது.

மணத்தால் அச்சம் எழுமாயின், மணத்தால் அது தணியவுங் கூடுமன்றோ? பிரெஞ்சு இரசாயன அறிஞர் கத்தபோசே 1937-இல் வெளியிட்ட தம் நூலில் இம்முறைக்கு 'அரோமாதெரபி' எனப் பெயரிட்டார். நறுமண சிகிச்சை என நாம் கூறலாம். வியன்னா நகரில் ஒரு பல் வைத்தியசாலையின் காத்திருக்கும் அறையில் ஆரஞ்சுத் தைலத்தின் மணத்தைப் பரப்பிச் சோதித்தனர். 2000-இல் வெளியான அச்சோதனையில் பெண்களிடம் அச்சம் குறைந்திருந்தது. 2005-இல் 200 பேரை ஆராய்ந்தபோது, ஆரஞ்சும் லாவெண்டரும் பயனளித்தன. 2010-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், லாவெண்டர் மணம் அப்போதைய கலக்கத்தைத் தணித்ததேயன்றி, மறுமுறை வருதல் பற்றிய அச்சத்தை மாற்றவில்லை.

இம்முடிவு நாம் ஊன்றி நோக்கற்பாலது. நறுமணம் காத்திருக்கும் அரை நாழிகையை எளிதாக்கும். வேரூன்றிய அச்சத்தைக் களையாது. ஆஸ்துமா உள்ளார்க்கும் ஒவ்வாமையுடையார்க்கும் அது தீங்கிழைக்கவுங் கூடுமாதலின், முன்னரே வினவியறிதல் வேண்டும். செய்யப்போவதை முன்கூட்டி விளக்குதலும், நோவுண்டாயின் கையுயர்த்துக எனக் கூறி, உயர்த்தியவுடன் நிறுத்துதலுமே மருத்துவர்பால் நம்பிக்கையை வளர்ப்பன. நோயாளரும் தம் அச்சத்தை நாணாது எடுத்துரைத்து, வலி முற்றுமுன்னரே செல்வாராயின், பல்லும் பிழைக்கும், பயமும் குறையும்.